கண்ணாடிப் பெட்டிக்கு வருமுன் அது எங்கே இருந்தது?

மெக்சிகோவின் பழங்கலைப் பொருள்களைப் பார்த்தால் அச்சமே மேலிடுகிறது என்று எழுதியிருந்த வாசகர் ஒருவருக்குச் சென்ற இதழில் சுருக்கமாகப் பதில் சொல்லியிருந்தேன். அதைத் தொடர்ந்து வடசென்னையின் பல பகுதிகளிலிருந்தும் கேள்விகள் வந்துள்ளன. அவற்றுள் சிலவற்றுக்கு இம்முறை விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் மகனிடம் அடுத்த மாதம் செல்கிறேன். பிரிட்டிஷ் மியூசியத்தில் மெக்சிகோவுக்கென்று ஒரு கூடம் இருப்பதாகவும், அழைத்துச் சென்று காட்டுவதாகவும் சொல்கிறான். படங்களில் பார்த்தவரை பாம்பும் மண்டை ஓடும் ரத்தமுமாக இருக்கின்றன. இவற்றை எப்படிப் பார்த்தால் ரசிக்க முடியும்?
— குடும்பத் தலைவி, தண்டையார்பேட்டை

பதில்: அந்தக் கூடத்தின் எண் 27. அது பெரிய கூடம் அல்ல. கால் மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம் என்பதாலேயே பலர் எதையும் பார்க்காமல் வெளியே வந்துவிடுகிறார்கள். நீங்கள் ஒரு பொருளின் முன் நின்றதும், இது அழகாக இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியைச் சற்றே தள்ளிவைத்துவிட்டு, இது முதலில் எங்கே, எந்த நிலையில், யார் பார்க்கும்படி வைக்கப்பட்டிருந்தது என்று கேளுங்கள். அருங்காட்சியகம் எல்லாப் பொருள்களையும் நிமிர்த்தி, நம் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒரே மாதிரியான வெளிச்சத்தில் வைத்துவிடுகிறது. செய்தவர்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லை.

தென் மெக்சிகோவின் பழங்குடிகளான மாயா மக்களின் யாஷ்சிலான் நகரத்திலிருந்து வந்த சுண்ணாம்புக்கல் பலகைகள் அங்கே இருக்கின்றன. 24 என்று எண்ணிடப்பட்ட பலகையை முதலில் தேடுங்கள். உயரம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். ஓர் அரசன் நீண்ட தீப்பந்தத்தைப் பிடித்து நிற்கிறான். அவன் எதிரே அரசி மண்டியிட்டு, முள் கோத்த கயிற்றைத் தன் நாக்கின் வழியே இழுக்கிறாள். சிந்தும் ரத்தத்தை ஏந்திய தாள் கீழே ஒரு கூடையில் கிடக்கிறது. கி.பி. 709இல் நடந்த சடங்கு என்று அதிலுள்ள எழுத்துகளே சொல்கின்றன. இப்போது சுவரில் நிமிர்ந்து நிற்கும் இந்தக் கல், அக்காலத்தில் ஒரு கட்டடத்தின் வாசலுக்கு மேலே உத்திரமாகப் படுத்திருந்தது. சிற்பம் இருப்பது அதன் அடிப்பக்கத்தில். ஆகவே, உள்ளே நுழைகிறவர் வாசலில் நின்று தலையை அண்ணாந்தால்தான் அரசியைப் பார்க்க முடியும். காலை வெயில் தரையில் பட்டு மேலே எழும்பும்போது, ஆழமாகச் செதுக்கிய கல்லில் நிழல்கள் எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சிவப்பும் நீலமுமாகப் பூசிய வண்ணத்தின் சுவடுகள் இன்னும் அதில் இருக்கின்றன. அரசி தன்னை வருத்திக்கொள்வது ஊருக்காகவும் முன்னோருக்காகவும் செய்யும் நேர்த்திக்கடன். அலகு குத்திக்கொண்டு வரும் பக்தரைத் தெருவில் நின்று கும்பிட்டுப் பழகிய நமக்கு அது விளங்காமல் போகாது.

பக்கத்திலேயே 25ஆம் எண் பலகை இருக்கிறது. அதில் அதே அரசியின் முன்னே ஒரு மாபெரும் பாம்பு எழுகிறது. அதன் திறந்த வாயிலிருந்து ஆயுதம் தாங்கிய வீரன் ஒருவன் வெளிப்படுகிறான். அவளுக்குக் கிடைத்த தரிசனம் அது. இந்த வரிசையின் மூன்றாவது கல் மெக்சிகோ நகரத்திலேயே இருக்கிறது.

அடுத்து, ஸ்பானியர் வருமுன் மத்திய மெக்சிகோவை ஆண்ட அஸ்தெக் மக்களின் காலத்து இருதலைப் பாம்பு. அகலம் 43 சென்டிமீட்டர். செட்ரோ என்ற மரத்தில் பாம்பின் வளைவுகளைக் கடைந்து, பைன் மரப் பிசினால் டர்காய்ஸ் என்னும் நீலப்பச்சை மணிக்கல்லின் சுமார் 2,000 துண்டுகளை ஒட்டியிருக்கிறார்கள். பற்கள் வெண்சங்கு; ஈறுகளின் சிவப்பு முட்சிப்பி ஒன்றின் ஓடு. அருகில் சென்று உடலின் வளைவுகளை மட்டும் பாருங்கள். வளைவு இறுகும் இடத்தில் துண்டுகள் சிறுத்தும், நீளும் இடத்தில் பெருத்தும் இருப்பதால், நீங்கள் தலையை அசைக்கும்போது செதில்கள் நகர்வதுபோல் தோன்றும். இதைச் செய்தவர்களுக்குப் பாம்பு, தோலை உரித்து மீண்டும் புதிதாகும் உயிர். அஞ்சத்தக்கது, அதே அளவுக்கு வணங்கத்தக்கது. புற்றுக்குப் பால் வார்க்கும் ஊரிலிருந்து போகிற நீங்கள் இதற்கு மருள வேண்டியதில்லை. இந்த மூன்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டால், மற்றவற்றை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான் எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் இருக்கிறேன். கல்லையும் மண்ணையுமே காட்டுகிறார்கள். அக்காலத்து மெக்சிகோவில் நெசவு இல்லையா?
— விற்பனையாளர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: நெசவு மிகவும் உயர்ந்த நிலையில் இருந்தது, துணிதான் மிஞ்சவில்லை. மழைக்காட்டின் ஈரத்தில் பருத்தி மக்கிப்போனது. சிச்சென் இட்சாவில் காணிக்கைகள் இடப்பட்ட பெருங்கிணற்றின் அடியிலிருந்து கிடைத்தவை போன்ற சில கிழிசல்களே எஞ்சியுள்ளன. எனவே, துணியைக் கல்லில்தான் தேட வேண்டும். மேலே சொன்ன 24ஆம் எண் பலகையில் அரசியின் உடையைத் துணி தெரிந்த உங்கள் கண்ணால் பாருங்கள். உடல் முழுதும் கட்டங்கட்டமாக ஓடும் வடிவங்கள், அவற்றுக்குள் சிறு பூக்கள், ஓரத்தில் தனிக் கரை, அதன் கீழே குஞ்சம். சிற்பி ஒரு நெசவை இழை பிசகாமல் படித்துச் செதுக்கியிருக்கிறார் என்று நீங்களே சொல்வீர்கள். முகத்தைவிட உடைக்கே அதிக உழைப்பு சென்றிருக்கிறது.

தறியைப் பார்க்க வேண்டுமானால், மெக்சிகோ நகரத்தின் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில், ஹைனா தீவின் கல்லறைகளைச் சேர்ந்த மண் பொம்மை ஒன்று உண்டு. ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பாவின் ஒரு முனை மரத்தில், மறுமுனை அவள் இடுப்பில். உடலைப் பின்னுக்குச் சாய்த்து இழையை இறுக்கும் இந்தத் தறி இன்றும் அந்நாட்டின் கிராமங்களில் இயங்குகிறது.

சாயங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீலம், நம் அவுரியின் இனத்தைச் சேர்ந்த செடியிலிருந்து வந்தது. அதே நீலத்தை ஒருவகை வெண்களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கிய மாயா மக்கள், வெயிலுக்கும் மழைக்கும் அமிலத்துக்கும்கூட மங்காத வண்ணம் ஒன்றைச் செய்தார்கள்; பானைகளிலும் சுவர்களிலும் ஆயிரம் ஆண்டு கடந்தும் அது பளிச்சென்று இருக்கிறது. சிவப்பு, சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து வந்தது. அந்தச் சிவப்பின் மதிப்பை அறிந்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் சைதாப்பேட்டையிலேயே கள்ளித் தோட்டம் போட்டு அந்தப் பூச்சியை வளர்க்க முயன்றார் என்பதை உங்கள் கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லலாம்.

அஸ்தெக் அரசுக்குக் குடிமக்கள் செலுத்திய வரியில் பெரும்பகுதி துணியாகவே இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் உள்ள மெண்டோசா ஏட்டில் அந்தக் கணக்கு படங்களாக இருக்கிறது. போர்வையின் படத்துக்கு மேல் இறகு போன்ற ஒரு குறி இருந்தால் 400 போர்வைகள் என்று பொருள்.

கேள்வி: துறைமுகத்தில் கிரேன் இயக்கி ஓய்வு பெற்றவன். ஓல்மெக் தலைகள் என்று பிரம்மாண்டமான கல் தலைகளைப் படத்தில் பார்த்தேன். கிரேன் இல்லாமல், வண்டி மாடுகூட இல்லாமல் அவற்றை எப்படி நகர்த்தினார்கள்?
— காசிமேடு வாசகர்

பதில்: பாரத்தின் அருமை தெரிந்தவரின் கேள்வி. மாயா, அஸ்தெக் மக்களுக்கு முந்தியவர்களான ஓல்மெக் மக்கள் வாழ்ந்த, மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய தாழ்நிலத்தில் இதுவரை 17 தலைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் 10, சான் லொரென்சோ என்ற ஒரே ஊரைச் சேர்ந்தவை. மிகச் சிறியதே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம். சான் லொரென்சோவின் பெரிய தலைகளில் ஒன்று 25 டன் எடையுள்ளது. பசால்ட் என்னும் எரிமலைப் பாறையால் ஆனவை அவை. அந்தப் பாறை அவ்வூரில் இல்லை; 60 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள டூஸ்ட்லா மலைகளிலிருந்து வந்தது. காலம் கி.மு. 900க்கு முன். இழுக்க மாடோ குதிரையோ அந்நாட்டில் இல்லை. சக்கரம் அவர்களுக்குத் தெரியாதது அல்ல; வெராக்ரூஸ் பகுதியில் பிற்காலத்துக் கல்லறைகளில் சக்கரம் வைத்த மண் நாய்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால், சதுப்பும் ஆறுமாக இருந்த நிலத்தில், இழுக்கும் விலங்கும் இல்லாதபோது, வண்டி பயன்பட்டிருக்காது. கயிறு, மரச்சட்டம், கோடையில் நிலவழி, வெள்ளத்தில் தெப்பம், நூற்றுக்கணக்கான ஆள்கள் என்றே ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

இரும்பும் கிடையாது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லைக் கல்லால் கொத்தி, மணலும் நீரும் விட்டுத் தேய்த்துத்தான் அந்த உதடுகளை உருவாக்கினார்கள். எந்த இரண்டு முகமும் ஒன்றுபோல் இல்லை; தலைக்கவசமும் ஒவ்வொன்றுக்கும் வேறு. அதனால், இவை தெய்வங்கள் அல்ல, ஆண்ட மனிதர்களின் உருவங்கள் என்ற கருத்து வலுவாக இருக்கிறது. படத்தில் எப்போதும் முன்புறமே தெரியும். வாய்ப்புக் கிடைத்தால் பின்புறத்தைப் பாருங்கள். பல தலைகளுக்கு முதுகு தட்டையாக இருக்கும். அரசனின் கல் இருக்கையையே பின்னாளில் அவன் தலையாகச் செதுக்கியிருக்கலாம் என்ற யூகத்துக்கு அதுவும் ஒரு காரணம். வெராக்ரூஸ் துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல்காரர்கள் உங்கள் பகுதியில் இருப்பார்கள். அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத ஹலாப்பா நகரின் அருங்காட்சியகத்தில் 7 தலைகள் இருக்கின்றன என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மண்டை ஓட்டு மாலையும் பாம்புப் பாவாடையுமாக உள்ள மெக்சிகோ தெய்வத்தின் படத்தைப் பார்த்தேன். மாசி மாதத்து மயானக் கொள்ளையைப் பார்த்து வளர்ந்தவள் நான். இது நம் காளியேதானே?
— ராயபுரம் வாசகி

பதில்: நீங்கள் பார்த்தது கோவாட்லிக்குவே என்ற தெய்வத்தின் சிலை. காளியை அறிந்த கண்ணுக்கு ஓர் அனுகூலம் உண்டு. தாயும் அழிப்பவளும் ஒருத்தியாகவே இருக்க முடியும் என்பதை உங்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஐரோப்பியர் பலருக்கு இந்தச் சிலை நெடுங்காலம் வெறும் அருவருப்பாகவே தோன்றியது. ஆனால், அந்த ஒற்றுமையோடு நின்றுவிட்டால் சிலையைப் பார்க்காமலே திரும்பியவர் ஆவீர்கள். இவள் வேறு நிலத்தின் வேறு கதைக்கு உரியவள்.

1790ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று, மெக்சிகோ நகரத்தின் பெருஞ்சதுக்கத்தைச் சீரமைக்கத் தோண்டியபோது இந்தச் சிலை வெளிப்பட்டது. உயரம் இரண்டரை மீட்டர். பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்று வைத்தார்கள். உள்ளூர்ப் பூர்வகுடி மக்கள் மெழுகுவத்தியும் பூவுமாக வந்து வணங்கத் தொடங்கியதும், அதிகாரத்தில் இருந்தவர்கள் அஞ்சி மீண்டும் புதைத்துவிட்டார்கள். ஸ்பானிய ஆட்சியும் கிறிஸ்தவமும் வந்து 270 ஆண்டுகள் ஆகியிருந்தும், மக்களுக்குத் தாயை அடையாளம் தெரிந்திருந்தது. 1803இல் மெக்சிகோ நகருக்கு வந்த ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட், பார்க்க வேண்டும் என்று கேட்டதற்காக ஒருமுறை தோண்டியெடுத்துக் காட்டிவிட்டு, அவர் போனதும் மறுபடி மூடினார்கள். இன்று தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தின் அஸ்தெக் கூடத்தில் அவள் நிற்கிறாள்.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் இல்லை. அறுபட்ட கழுத்திலிருந்து இரண்டு பாம்புகள் எழுந்து எதிரெதிரே திரும்பி, இரண்டும் சேர்ந்து ஒரு முகமாகத் தோன்றுகின்றன. அந்தப் பாம்புகள் பீறிடும் குருதியின் உருவம். மார்பில் கைகளும் இதயங்களும் கோத்த மாலை. நடுவே மண்டை ஓடு. பாவாடை முழுதும் பின்னிக்கிடக்கும் பாம்புகள். பாதங்கள் நகமுள்ளவை. சிலை சற்றே முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால், எதிரில் நிற்பவர்மேல் கவிவதுபோல் இருக்கும். இத்தனைக்கும் மேலாக, பார்வையாளர் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு: சிலையின் அடிப்பக்கத்திலும் பூமித் தெய்வத்தின் உருவம் முழுமையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. நிறுத்திவிட்டால் அதை எவரும் பார்க்க முடியாது. மண்ணுக்கு மட்டுமே தெரியும். அது மனிதக் கண்ணுக்காகச் செய்த வேலை அல்ல. இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தியைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். பாம்பு மலையில் கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த கோவாட்லிக்குவே, மேலிருந்து விழுந்த இறகுப் பந்து ஒன்றை எடுத்து இடுப்பில் செருக, கருவுற்றாள். மானம் போயிற்று என்று சினந்த மகள் கோயோல்ஷாவ்கி, 400 சகோதரர்களைத் திரட்டிக்கொண்டு தாயைக் கொல்ல வந்தாள். அந்தக் கணமே கருவிலிருந்து ஆயுதத்தோடு பிறந்த போர்த் தெய்வம் ஹுயிட்சிலோபோச்ட்லி, அக்காளை வெட்டி மலையிலிருந்து உருட்டிவிட்டான். 1978 பிப்ரவரி 21 அன்று, அதே மெக்சிகோ நகரத்தில் மின்வாரியத் தொழிலாளர்கள் பள்ளம் தோண்டியபோது கோயோல்ஷாவ்கியின் வட்டக்கல் கிடைத்தது. மூன்றே கால் மீட்டர் குறுக்களவுள்ள அந்தக் கல்லில் கையும் காலும் தலையும் தனித்தனியே சிதறிக் கிடக்க, உடல் மட்டும் சுழல்வதுபோல் இருக்கிறது. அது கிடந்த இடம், ஹுயிட்சிலோபோச்ட்லி கோயிலின் படிக்கட்டின் அடி. உச்சியில் வெற்றி பெற்றவன், காலடியில் வீழ்ந்தவள். கோயிலே அந்த மலையாக இருந்தது. பலியிடப்பட்டவர்களின் உடல்கள் அந்தப் படிகளில் உருண்டு வந்து இந்தக் கல்லருகே வீழ்ந்தன.

நரபலி நடந்தது உண்மை. 2015இல் தொடங்கி அந்தக் கோயிலின் அருகே வெளிப்பட்டுவரும் மண்டை ஓட்டுக் கோபுரத்தில் 2020க்குள் 600க்கும் மேற்பட்ட மண்டை ஓடுகளை எண்ணியிருக்கிறார்கள். அவற்றில் பெண்களும் குழந்தைகளும் அடக்கம். கலையின் மீதுள்ள அன்பினால் அதை மறைக்கக் கூடாது. அதை மட்டுமே சொல்லி அந்த மக்களை முடித்துவிடுவதும் நியாயம் அல்ல.

கேள்வி: அஸ்தெக் காலண்டர் கல் 2012இல் உலகம் அழியும் என்று சொன்னதாமே?
— பள்ளி மாணவர், வியாசர்பாடி

பதில்: சொல்லவில்லை. 2012 பற்றிய பேச்சு மாயா மக்களின் நீண்ட ஆண்டுக்கணக்கில் ஒரு பெருஞ்சுற்று முடிவதை வைத்துக் கிளம்பியது. நீங்கள் குறிப்பிடும் சூரியக்கல் அஸ்தெக்குகளுடையது. இரண்டு இனத்தாரும் வேறு, காலமும் வேறு. 1790 டிசம்பர் 17 அன்று, கோவாட்லிக்குவே கிடைத்த அதே சதுக்கத்தில் கிடைத்த இந்தக் கல் 3.6 மீட்டர் குறுக்களவும் சுமார் 24 டன் எடையும் உள்ளது. நடு முகத்தைச் சுற்றி, இதற்கு முன் அழிந்த நான்கு யுகங்கள். அதைச் சுற்றி 20 நாள்களின் குறிகள். விளிம்பில் இரண்டு தீப்பாம்புகள். நாள் பார்ப்பதற்கான கருவி அல்ல அது. இன்று சுவரில் நிமிர்த்தி வைத்திருந்தாலும், முதலில் மேடையில் கிடையாகப் படுத்திருந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. அப்போது அந்த முகம் வானத்தைப் பார்த்திருக்கும்.

கேள்வி: கொலு பொம்மை செய்யும் குடும்பம் எங்களுடையது. மெக்சிகோ மண் நாய் பொம்மைகளின் பளபளப்பு எப்படி வந்தது? இணையத்தில் விற்பனைக்கும் வருகின்றன. ஒன்று வாங்கலாமா?
— கொசப்பேட்டை வாசகர்

பதில்: அவை மேற்கு மெக்சிகோவின் கொலிமா பகுதியைச் சேர்ந்தவை, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமை உள்ளவை. குயவர் திரிகை கிடையாது. மண்திரிகளை அடுக்கியும் தட்டியும் உள்ளீடற்ற உடலை உருவாக்கி, சிவந்த நுண்களிமண் கரைசலைப் பூசி, ஈரம் முழுதும் வற்றுமுன் கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். மேலே மெருகுப் பூச்சு எதுவும் இல்லை; முழுவதும் கைத்தேய்ப்புதான். வாலோ தலையோ குழாயாகத் திறந்திருக்கும். அது சூளையில் ஆவி வெளியேறவும் உதவும், பிறகு பாத்திரமாகவும் பயன்படும். கொழுத்த வயிறு, குட்டைக் கால், விறைத்த காது. உறங்குவதும் குரைப்பதும் ஒன்றையொன்று நக்குவதுமாக, நாயைப் பலகாலம் பார்த்தவர் செய்த வேலை என்பது தெரியும். மெக்சிகோ நகர அருங்காட்சியகத்தில் மனித முகமூடி அணிந்த நாய் ஒன்று இருக்கிறது.

ஆழ்துளைபோல் பல மீட்டர் கீழிறங்கும் கல்லறைகளில், இருட்டில், இறந்தவர் பக்கத்தில் இருந்தவை இவை. இறந்தவரை ஆற்றைக் கடத்திவிடும் நாய் என்ற விளக்கத்தை எங்கும் எழுதியிருப்பார்கள். அந்த நம்பிக்கை 16ஆம் நூற்றாண்டு அஸ்தெக்குகளிடம் பதிவானது. அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் முந்திய கொலிமாவுக்கு அதை அப்படியே பொருத்துவதில் நான் தயங்குவேன்.

வாங்க வேண்டாம். பெரும்பாலானவை போலிகள். பேர்பெற்ற அருங்காட்சியகங்களே ஏமாந்திருக்கின்றன: பிரிட்டிஷ் மியூசியம் 1897இல் வாங்கிய படிக மண்டை ஓடு, சுழலும் சக்கரக் கருவியால் 19ஆம் நூற்றாண்டில் கடைந்தது என்பது நுண்ணோக்கியில் பார்த்தபோது தெரியவந்தது. உங்களுக்கு வருவது அசலாகவே இருந்தால், ஏதோ ஒரு கல்லறையைக் கொள்ளையடித்து எடுத்ததாக இருக்கும். மெக்சிகோவின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பொருள்களை நாட்டின் சொத்து என்கிறது. மாறாக, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் தன் இணையதளத்தில் லட்சக்கணக்கான படங்களைக் கட்டணமின்றிப் பயன்படுத்தத் தந்திருக்கிறது. கொலிமா நாய்களும் அங்கே உண்டு. பெரிதாக்கிப் பார்த்தால் தேய்த்த கல்லின் தடமே தெரியும்.

கேள்வி: இவையெல்லாம் லண்டனிலும் வியன்னாவிலும் ஏன் இருக்க வேண்டும்? திருப்பித் தருவதுதானே முறை?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவொற்றியூர்

பதில்: யாஷ்சிலான் கற்களை 1880களில் ஆல்ஃபிரட் மாட்ஸ்லே என்ற ஆங்கிலேயர் கொண்டுசென்றார். அஸ்தெக் அரசர் மோக்டெசுமாவுடையது என்று சொல்லப்படும், கெட்சல் பறவையின் பச்சை இறகுகளால் ஆன தலையணி வியன்னாவில் இருக்கிறது. மெக்சிகோ பலமுறை கேட்டும் கிடைக்கவில்லை. இரு நாட்டு வல்லுநர்களும் சேர்ந்து ஆராய்ந்தபோது, விமானத்தின் அதிர்வை அந்த இறகுகள் தாங்கா என்ற முடிவுக்கு வந்தார்கள். இந்தக் காரணம் உண்மையானது. ஆனாலும், அது மெக்சிகோ மக்களின் உரிமையை இல்லாமல் ஆக்கிவிடாது என்றே கருதுகிறேன்.

நமக்கும் இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு. அமராவதி ஸ்தூபத்தின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் முதலில் சென்னைக்கு வந்து, வெயிலிலும் மழையிலும் கிடந்து, 1859இல் இங்கிருந்து கப்பலில் லண்டன் சென்றன. இன்று யாஷ்சிலான் கற்கள் இருக்கும் அதே கட்டடத்தில் அவையும் இருக்கின்றன. மற்றொரு பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆந்திர மக்கள் அதைக் கேட்கும்போது நாம் என்ன பதில் சொல்வோம் என்பதையும் எண்ண வேண்டும். பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை பழைய காலத்துக்குப் பின்னோக்கிச் செல்லாது. ஆகவே, இந்தப் பொருள்களைச் சட்டத்தைக் காட்டி மீட்பது கடினம், பேச்சுவார்த்தையால்தான் முடியும். அதுவரை, யார், எந்த ஆண்டில், எப்படி எடுத்து வந்தார் என்பதைப் பொருளின் அருகிலேயே தெளிவாக எழுதி வைக்கும்படி ஒவ்வோர் அருங்காட்சியகத்தையும் பார்வையாளர்கள் கேட்க வேண்டும். எழும்பூரிலும் கேட்கலாம், பார்வையாளர் குறிப்பேடு அதற்காகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது.